ஒன்று நாலு ஆறு

மணல் டிராக்டர் நாலு மணிக்கு வரும். இப்போது ஒன்றே முக்கால். இடையில் இரண்டேகால் மணி நேரம் கிடக்கிறது, அதற்குள் நல்லபெருமாள் சாரிடம் போய் நின்று வாயைத் திறந்தால் உண்டு, இல்லாவிட்டால் மூன்றாம் குழிக்குள் மணல் இறங்கிவிடும், அப்புறம் அந்தச் சுவரை யாராலும் அளக்க முடியாது, தான் எழுதி வைத்ததுதான் அதன் அளவு என்று காலத்துக்கும் நின்றுவிடும். தென்னை மரத்தடியில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சகாயராணி இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். நினைத்துக்கொண்டிருந்தாள் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் கூடுதல். நினைப்பு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். வாயில் போட்ட எலுமிச்சைச் சோறு மெல்லப்படாமல் அப்படியே இருந்தது. மூன்று வருஷமாக இந்தத் தோப்பில் நடக்கிற அகழாய்வில் அவள்தான் பதிவேடு எழுதுகிறவள். இந்த வருஷத்து வேலை முடிந்து குழிகளை மணல் போட்டு மூடுகிற நாள் இது. ஓட்டுச் சில்லோ பாசிமணியோ, குழியிலிருந்து எது வெளியே வந்தாலும் அவள் எழுதினால்தான் அது வந்தது என்று அர்த்தம். அப்படிப்பட்டவள் மூன்றாம் குழிச் சுவரில், மேலிருந்து ஒன்பதாவது வரிசை தொடங்கிப் பன்னிரண்டாவது வரைக்கும், நூற்று நாற்பத்தாறு செங்கலை அளக்காமலே அளவு எழுதியிருக்கிறாள். ஏதோ அவசரத்தில் ஒன்று இரண்டு தவறிப்போனது என்றால் சரி. எட்டு நாள் உட்கார்ந்து, நிதானமாக, நல்ல கையெழுத்தில் எழுதியிருக்கிறாள்.

செங்கல் என்றால், அகழாய்வை நடத்துகிற நல்லபெருமாள் சாருக்குச் சோறு தண்ணி வேண்டாம். குழி பார்க்க வருகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், தோப்புக்காரர், தபால்காரர், யார் கிடைத்தாலும் பிடித்து நிறுத்தி வைத்து, தன் உள்ளங்கையில் விரலால் கோடு கிழித்து ஒன்று, நாலு, ஆறு என்று காட்டுவார். கனம் ஒரு பங்கு என்றால் அகலம் நாலு பங்கு, நீளம் ஆறு பங்கு. சிந்துவெளியில் விகிதம் வேறு, ஒன்று, இரண்டு, நாலு. ஒரு நகரத்துக்கும் இன்னொன்றுக்கும் எத்தனையோ நாள் நடை, ஆனாலும் கல் மட்டும் பேசி வைத்த மாதிரி அதே விகிதம். "எவன் சொன்னான், எவன் கேட்டான்னு தெரியலம்மா, ஆனா கேட்டிருக்கான் பாரு," என்பார், சொல்லும்போதே மனுஷனுக்குக் கண் கலங்கிவிடும். சார் பொண்டாட்டியைக்கூட ஸ்கேல் வைத்துப் பார்த்துத்தான் கட்டியிருப்பார் என்று மண் சுமக்கிற பெண்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள், சகாயராணியும் சிரித்திருக்கிறாள், அது முன்னே. அந்தச் சுவர் படிக்கட்டு மாதிரிச் சரிந்து நின்றது, அதனால் ஒவ்வொரு வரிசையிலும் கல்லின் மேல்பக்கம் வெளியே தெரியும், மூன்று அளவையும் எடுக்கலாம். கனத்துக்கு ஒரு சின்ன ஸ்கேல் போதும், ஒற்றை ஆளாகப் பார்த்துவிடலாம். நீளத்துக்கும் அகலத்துக்கும் டேப் வேண்டும், டேப்புக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் நுனியைக் கல் ஓரத்தில் அழுத்திப் பிடித்தால்தான் இன்னொருவர் படிக்க முடியும், அழுத்திப் பிடிக்கிற அந்த வேலை எப்போதும் மண் சுமக்கிற பஞ்சவர்ணத்துக்குத்தான். இருபத்தைந்து நாள் வீட்டில் கிடந்துவிட்டு சகாயராணி திரும்பி வந்த அன்றைக்கும் பஞ்சவர்ணம் வழக்கம்போல டேப் நுனியைப் பிடித்துக்கொண்டு எதிரே குந்தினாள், குந்தினவள் கண் ஒரு நொடி சகாயராணியின் வயிற்றுக்குப் போய்விட்டுத் திரும்பியது. ஒரு நொடிதான், அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. "நீங்க மண்ணைப் பாருங்கக்கா, இதை நானே பாத்துக்கிறேன்," என்றாள் சகாயராணி. எதிரே யாரும் குந்தக்கூடாது என்று இருந்தது, அந்த நேரத்தில் அதைத் தவிர வேறு ஒன்றும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்குக் கனத்தை மட்டும் எடுத்து எழுதிக்கொண்டு, மற்ற இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டாள். நாளைக்கு நிரப்பிக்கொள்ளலாம். மறுநாளும் காலியாக விட்டாள். மூன்றாம் நாள் போனில் கணக்குப் போடுகிற பெட்டியைத் திறந்து ஆறு புள்ளி ஒன்றை நாலால் பெருக்கினாள், இருபத்துநாலு புள்ளி நாலு, ஆறால் பெருக்கினாள், முப்பத்தாறு புள்ளி ஆறு. எழுதினாள். மேல் எட்டு வரிசையிலும் அப்படித்தானே வந்தது, கீழே மட்டும் வேறு எப்படி வரும். ஐந்து புள்ளி ஒன்பது, இருபத்துமூன்று புள்ளி ஆறு, முப்பத்தைந்து புள்ளி நாலு. போன் தேவைப்படாமல் போயிற்று, கனத்தைப் பார்த்ததும் மற்றது தானே வந்து கட்டத்தில் உட்கார்ந்தது. இதில் சாமர்த்தியம் வேறு. எல்லாம் கனகச்சிதமாக இருந்தால் சந்தேகம் வரும் என்று ஆறாம் நாளிலிருந்து அங்கங்கே ஒரு புள்ளியைக் கூட்டிக் குறைத்து எழுதினாள். மரத்துப்போய்க் கிடந்த ஒருத்திக்கு அந்தப் புத்தி மட்டும் எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசித்தாலும் அவளுக்கே பிடிபடவில்லை. துக்கம் ஆளை நல்லவளாக்கும் என்று கோயிலில் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறாள். அவளை அது நல்லவளாக்கவில்லை, கெட்டிக்காரியாக்கியிருந்தது. சார் பதிவேட்டைப் புரட்டிவிட்டுத் தொடையில் தட்டினார், பன்னிரண்டு வரிசை, ஒரே விகிதம், ஒரு கல்கூடப் பிசகவில்லை என்று. முந்தாநாள் அதைக் கட்டுரையாக எழுதி எங்கோ டெல்லிக்கு அனுப்பியும் விட்டார். அனுப்பிவிட்டு எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார், சகாயராணியும் ஒன்று தின்றாள், இனிப்பாகத்தான் இருந்தது.

அளவெல்லாம் சரியாக இருக்கிறது என்று அந்த டாக்டரம்மாவும்தான் சொன்னார். இருபதாம் வாரத்து ஸ்கேன், இருட்டு அறை, வயிற்றில் சில்லென்று பசையைத் தடவி, திரையில் புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்து அவர் அளவு சொல்லச் சொல்லப் பக்கத்தில் ஒரு பெண் தட்டச்சு செய்தாள். தொடை எலும்பு இவ்வளவு. தலைச் சுற்றளவு இவ்வளவு. வயிறு இவ்வளவு. சகாயராணிக்கு அந்த அறை ரொம்பப் பழகின இடமாகத் தோன்றியது, ஒருத்தர் அளந்து சொல்ல ஒருத்தர் எழுதுகிற வேலைதானே. தொடை எலும்புக்கும் தலைக்கும் ஒரு விகிதம் உண்டாம், அதைப் பார்த்தே வாரம் சொல்லிவிடுவார்களாம், உலகத்தில் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் அந்த வயதில் ஏறக்குறைய அதே அளவுதானாம். வீட்டுக்கு வருகிற வழியில் பஸ்ஸில் அவள் ஞானத்திடம் சொன்னாள், சாருக்கு இது தெரிஞ்சா குதிப்பாரு என்று. ஞானம் சிரித்தான், ஞானம் அவள் புருஷன், எலெக்ட்ரீஷியன், அதிகம் பேசாதவன். பத்து நாள் கழித்து ஒரு காலையில் உள்ளே அசைவு இல்லை. சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம் என்று இருந்தாள். பிறகு அதே இருட்டு அறை, அதே பசை, அதே டாக்டரம்மா, இந்தத் தடவை அளவு எதுவும் சொல்லவில்லை, திரையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் பிரசவ வார்டில் எல்லாம் முடிந்த பிறகு நர்ஸ் ஒருத்தி ஸ்டீல் தட்டில் வைத்து ஒரு துணி டேப்பால் அளந்தாள். இருபத்தாறு செண்டிமீட்டர். முந்நூற்று எண்பது கிராம். சகாயராணி தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். செங்கல் அகலத்தை விட இரண்டு செண்டிமீட்டர் கூட, நீளத்தை விடப் பத்து குறைவு என்று மனசு தன்பாட்டுக்குச் சொல்லிற்று. பெற்றவள் நினைக்கிற நினைப்பா அது. ஆனால் அதுதான் வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை, இந்த ஐம்பத்திரண்டு நாளில் வேறு ஒன்றும் வரவே இல்லை. நர்ஸ் குனிந்து, பொம்பளப் புள்ளம்மா, என்றாள். ஞானமும் அவன் அண்ணனும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். என்ன பிள்ளை என்று ஞானம் கேட்கவில்லை, மாமியார் கேட்கவில்லை, விசாரிக்க வந்தவர்கள் கேட்கவில்லை, கேட்டால் அவள் உடைந்துவிடுவாள் என்று நல்ல மனசோடு எல்லாரும் கேட்காமல் இருந்தார்கள். எங்கே புதைத்தார்கள் என்று அவளும் கேட்கவில்லை.

"என்னத்தா ராணி, டப்பாவைத் தொறந்து வச்சுக்கிட்டு ஈக்கா படைக்கிற?" பஞ்சவர்ணம் கை கழுவிவிட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அறுபது வயதுக்கு நல்ல திடமான உடம்பு, முழங்கால் வரைக்கும் சிவப்பு மண். "சாப்பிட்டாச்சுக்கா." "எங்கிட்டுச் சாப்பிட்ட, வச்சது வச்சபடி இருக்கு." பஞ்சவர்ணம் குழிப் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாலு மணிக்கு மூடிருவாகளாம்ல," என்றாள். "ம்." "மூடிட்டா மூடுனதுதேன்." "ம்." "அந்தக் கீழ் வரிசைக்கு நீ என்னையக் கூப்பிடவே இல்லையே ஆத்தா." சொல்லிவிட்டு அவள் வெற்றிலையை மடிக்கத் தொடங்கினாள். ஆக, இவளுக்குத் தெரியும். ஒற்றை ஆளாக டேப் பிடிக்க முடியாது என்று இவளை விட வேறு யாருக்குத் தெரியும். எட்டு நாளும் பக்கத்துக் குழியில் மண்ணைச் சுமந்துகொண்டு இவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், சாரிடம் போய்ச் சொல்லவும் இல்லை. நெஞ்சு படபடக்க வேண்டும், கை வேர்க்க வேண்டும், இந்த இடத்தில் மனுஷருக்கு அப்படித்தான் ஆகும். சகாயராணி காத்திருந்து பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. பயப்பட வேண்டிய நேரத்தில் பயம் வராததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது, அதுவும் கூடத் தூரத்தில் எங்கோ யாருக்கோ வந்த பயம் மாதிரி.

சொல்லிவிடலாம். சொல்வதில் என்ன இருக்கிறது, நாலு வார்த்தை. சார் கத்துவார், அடுத்த சீசனுக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்வார், போட்டுக்கொள்ளட்டும். பதிவேடு எழுதுகிறவள் பொய் எழுதினாள் என்று பேர் வரும், வரட்டும், செய்ததற்கு வருகிற பேர்தானே. அதற்கெல்லாம் அவள் தயங்கவில்லை. தயக்கம் வேறு இடத்தில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது, ஒவ்வொரு தடவையும் அங்கே போய்த்தான் சேலை மாட்டியது. சார் கடைசிவரைக்கும் கத்தமாட்டார். அதுதான் விஷயம். கொஞ்ச நேரம் கத்திவிட்டு அப்புறம் அவருக்கு ஞாபகம் வந்துவிடும், முகம் இளகிவிடும், பாவம், பிள்ளையைப் பறிகொடுத்தவள், புத்தி பேதலித்துப் போய் என்னத்தையோ எழுதிவிட்டாள் என்பார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். டெல்லி வரைக்கும் அப்படித்தான் எழுதிப் போடுவார்கள். அந்தப் பிள்ளைக்குப் பேர் வைக்கவில்லை, ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றவில்லை, ஒரு போட்டோ இல்லை, எங்கே கிடக்கிறாள் என்று தெரியாது, இந்தப் பூமியில் அவள் வந்து போனதற்கு ஒரே அடையாளமாக இந்தப் பொய்தான் நிற்கும், இன்ன தப்புக்கு இன்ன காரணம் என்று. அதற்குப் பதில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். மண்ணுக்குள் இரண்டாயிரம் வருஷம் சும்மா கிடந்த கல், இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும். எப்படியும் விகிதம் சரியாகத்தானே இருக்கப் போகிறது, எல்லாக் கல்லும் ஒன்று நாலு ஆறு, அளந்திருந்தாலும் அதேதான் வந்திருக்கும், பொய்தான், ஆனால் யாரையும் கெடுக்காத பொய். இப்படி ஒரு மனசு சமாதானம் சொல்ல இன்னொரு மனசு அதைக் கேட்டுக்கொண்டு கம்மென்று இருந்தது. மணி இரண்டரை ஆகியிருந்தது.

மூடுவதற்கு முன்னால் சுவரின் மேல் பிளாஸ்டிக் ஷீட் விரிக்க வேண்டும், பின்னால் எப்போதாவது யாராவது திறந்தால் பழைய மண் எது, கொட்டின மணல் எது என்று தெரிவதற்காக. அது அவள் வேலை. ஏணியில் இறங்கினாள். குழிக்குள் காற்று நின்றுபோயிருந்தது, ஈர மண் வாடை, மேலே சதுரமாக வானம். இறங்கும்போது அடிவயிற்றில் பழக்கதோஷத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டாள், வைத்த கையை எடுத்தாள். ஷீட்டின் ஒரு முனையை ஒன்பதாவது வரிசையில் வைத்து மண்ணைப் போட்டாள். பத்தாவது வரிசைக்குக் குனிந்தபோது காலுக்குப் பிடிமானம் இல்லாமல் கையை ஒரு கல்லின் மேல் ஊன்றினாள். ஊன்றின கை விரிந்து கிடந்தது. அவள் சாண் இருபது செண்டிமீட்டர், அது அவளுக்குத் தெரியும், டேப் கையில் இல்லாத நேரத்துக்கு உதவுமென்று சார்தான் எல்லாருடைய சாணையும் அளந்து சொல்லியிருந்தார். கட்டைவிரல் கல்லின் ஒரு ஓரத்தில் இருந்தது, சுண்டுவிரலுக்கு அந்தப் பக்கம் மிச்சம் ஒரு விரல்கூட இல்லை. இரண்டு விரல், அதற்கும் மேலேயே இருந்திருக்க வேண்டும். கையை எடுத்துத் திரும்ப வைத்தாள். அப்படியேதான். பக்கத்துக் கல்லில் வைத்தாள். அதுவும் அப்படியே. நீளவாக்கில் வைத்துப் பார்த்தாள், ஒன்றரைச் சாணும் கொஞ்சமும். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று இருக்கும். கனம் மட்டும் மேலே உள்ள கல்லின் கனமேதான், அதனால்தான் ஸ்கேலுக்கு ஒன்றும் தெரியவில்லை. பத்தாவது வரிசை முழுக்கத் தவழ்ந்து போய்க் கை வைத்துப் பார்த்தாள். அத்தனையும் வேறு கல். மேல் வரிசையிலும் கீழ் வரிசைகளிலும் கை வைத்தாள், அங்கெல்லாம் பழைய அளவுதான். வேறு அச்சு. யாரோ, இந்த ஊர் விகிதம் தெரியாத யாரோ, அல்லது தெரிந்தும் ஒத்துக்கொள்ளாத யாரோ, தன் அளவுக்கு வார்த்துச் சுட்டு இங்கே கொண்டுவந்து கட்டியிருக்கிறான். மேலே இருந்தவர்கள் அதன்மேல் தங்கள் கல்லை வைத்துக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவன் இருந்தான் என்பதற்கு இந்த ஒரு வரிசையைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதையும் அவள் பெருக்கல் போட்டு இல்லாமல் செய்திருந்தாள். கண்ணெதிரே கிடந்த ஒன்றை ஏறிட்டுப் பார்க்காமல், உலகத்தில் எல்லாம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இதுவும் என்று எழுதிப் போட்டிருந்தாள். திரும்ப எழுந்திருக்கத் தோன்றாமல் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. மேலே டிராக்டர் சத்தம் கேட்டது, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டான் போலிருக்கிறது.

ஏணியில் ஏறி மேலே வந்தபோது டிராக்டர் பின்வாக்கில் குழியைப் பார்த்து வந்துகொண்டிருந்தது, நல்லபெருமாள் சார் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வா வா என்று ஆட்டிக்கொண்டிருந்தார். பஞ்சவர்ணம் மண்வெட்டியோடு ஓரத்தில் நின்றாள். சகாயராணி டிராக்டருக்கும் குழிக்கும் நடுவில் போய் நின்றாள். "கொட்ட வேண்டாம் சார்." "ஏம்மா, ஷீட்டு பத்தலையா?" "நான் அளக்கல சார்." டிராக்டர் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை, டிரைவரைப் பார்த்து எஞ்சினை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினதும் அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "ஒம்பதுலேருந்து பன்னெண்டு வரைக்கும். கனத்தை மட்டும் பாத்துட்டு மிச்சத்தைப் பெருக்கிப் போட்டேன். நூத்தி நாப்பத்தாறு கல்லு. பத்தாவது வரிசை வேற கல்லு சார், சின்னக் கல்லு. ஒண்ணு நாலு ஆறு இல்ல." சார் முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு வந்தது. "எட்டு நாளா?" என்றார். "எட்டு நாளும் பொய்யா எழுதின? நான் அனுப்பிட்டேனேம்மா. முந்தாநாள் அனுப்பிட்டேனே." "ஆமா சார்." திட்டுவதற்கு வாயெடுத்தார், நல்ல திட்டாக ஒன்று வாய் வரைக்கும் வந்தது. அப்போது அது நடந்தது, அவள் எதிர்பார்த்தபடியே நடந்தது, அவர் கண் கீழே இறங்கி அவள் வயிற்றில் நின்றுவிட்டு மேலே வந்தது, வரும்போது கோபம் இல்லை. "தப்பு என்னோடதும்மா," என்றார். "அந்த நெலமையில உன்னைய வேலைக்குக் கூப்பிட்டிருக்கக் கூடாது. புள்ளையைப் பறிகொடுத்த துக்கத்துல இப்படி ஆயிப்போச்சுன்னு நான் எழுதிப் போட்டுக்கிறேன், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நீ போயி நெழல்ல உக்காரு."

"வேண்டாம் சார்." "இல்லம்மா, நான் பாத்துக்கிறேன்." "அப்படி எழுதாதீங்க சார். நான் அளக்கல, அவ்வளவுதான். சோம்பேறித்தனம்னு போடுங்க, பொய்யின்னு போடுங்க, என் பேரைப் போட்டு எழுதுங்க. என் பொண்ணை இதுல இழுக்காதீங்க." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த வார்த்தையை அவள் இதுவரைக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை, தனியாக இருக்கும்போதுகூட. சார் தொப்பியைத் தலையில் மாட்டினார். டிரைவரைப் பார்த்து, இன்னைக்கு வேண்டாம், திருப்பிக்கிட்டுப் போய்யா என்று கையைக் காட்டினார். பஞ்சவர்ணம் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். கிட்ட வந்து, சகாயராணியின் கன்னத்தில் ஒட்டியிருந்த மண்ணைப் புறங்கையால் தட்டிவிட்டாள்.

"பொம்பளப் புள்ளையாத்தா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா," என்றாள் சகாயராணி. "பொம்பளப் புள்ள. இருபத்தாறு," என்று அளவைச் சொல்ல வந்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குழி ஓரத்திலேயே உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.